‘ஐ ஹேவ் எ டவுட்’: ஓசூர் ஆலைகளில் தமிழரும் சீனரும் பேசுவது ஒரே ஆங்கிலம்தானா?

ஒரு மீட்டிங் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் இன்ஜினீயர் ஒருவர் கையைத் தூக்கி, “ஐ ஹேவ் எ டவுட்” என்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் சீன இன்ஜினீயரின் முகம் சட்டென்று மாறுகிறது. இவர் கேட்க வந்தது ஒரு சாதாரணக் கேள்வி. அவருக்குப் புரிந்ததோ, “நீங்க சொல்றதை நான் நம்பல.”

இதில் தப்பு யார் மேலும் இல்லை. தமிழில் ‘சந்தேகம்’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. டீச்சரிடம் சந்தேகம் கேட்கலாம். கணக்கில் பணம் குறைந்தால் ஒருவர் மேல் சந்தேகப்படவும் செய்யலாம். அந்த இரண்டு பொருளையும் சேர்த்து நாம் ‘டவுட்’ தலையில் ஏற்றிவிட்டோம். சீன மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. விளக்கம் கேட்கத் தோன்றும் ஐயம் ‘யீவென்’. நம்பாமல் சந்தேகப்படுவது ‘ஹுவாய்யீ’. ‘டவுட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு சீன மாணவர் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியும். இரண்டு பேரும் சரியான ஆங்கிலச் சொல்லைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பொருள் வேறு. ஓசூர்–கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் இன்று ஆங்கிலம் பற்றிப் பேச வேண்டியது இதைத்தான். “நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ் வரல” என்ற பழைய புலம்பல் இங்கே உதவாது.

ஓசூரில் சீன மொழி எங்கிருந்து வந்தது?

ஓசூருக்கு வெளிநாட்டுத் தொழில்மொழி புதிதல்ல. டிவிஎஸ், ஜப்பானின் சுசுகியோடு கைகோத்து பைக் தயாரித்த காலத்தில் வந்த ஜப்பானியச் சொற்கள் இன்னும் இங்கே புழங்குகின்றன. ‘கைசன்’ என்று சொன்னால் ஓசூரில் எந்த ஆபரேட்டருக்கும் விளக்கம் தேவையில்லை. 2002-ல் டிவிஎஸ் மோட்டார், ஜப்பானின் டெமிங் பரிசையே வாங்கியது.

இப்போது சீன மொழியின் முறை. கிருஷ்ணகிரி அருகே குருபரப்பள்ளியில் இருப்பது தைவானின் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை. பர்கூர் சிப்காட்டில் ஷூ தைப்பது தைவானின் ஃபெங் டே குழுமம். ஓசூர் பக்கத்தில் ஐபோனுக்கான உறைகளைத் தயாரிக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ், எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் மாவட்டம் நரசாபுராவில் தைவானின் விஸ்ட்ரான் நடத்திவந்த ஆலையை வாங்க 2023-ல் ஒப்பந்தம் செய்தது. 2025 ஜனவரியில் பெகாட்ரானின் சென்னைப் பிரிவில் 60 சதவீதப் பங்கையும் வாங்கியது. தேவனஹள்ளியில் ஃபாக்ஸ்கான் இருக்கிறது. தைவானின் அலுவல் மொழியும் சீனாவின் பொது மொழியும் மாண்டரின்தான். எழுத்து வடிவமும் சில சொற்களும்தான் மாறும்.

ஆலை யாருடையதாக இருந்தாலும், உள்ளே ஓடும் மெஷின்களில் பல சீனாவிலிருந்து வருகின்றன. மெஷினை நிறுவ ஆட்கள் வருவார்கள். டிஸ்ப்ளேயில் வரும் ஆங்கிலம் பெரும்பாலும் சீனத்திலிருந்து மொழிபெயர்த்த ஆங்கிலம். 2025 ஜூலையில் இந்திய ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீன இன்ஜினீயர்களை ஃபாக்ஸ்கான் திருப்பி அழைத்ததாகச் செய்தி வந்தது. அதே மாதம் சீனர்களுக்குச் சுற்றுலா விசா வழங்குவதை இந்தியா மறுபடி தொடங்கியது. அக்டோபரில் நேரடி விமானமும் ஓட ஆரம்பித்தது. ஆட்கள் வருவதும் போவதும் டெல்லி–பெய்ஜிங் உறவைப் பொறுத்தது. ஆள் ஊருக்குப் போனாலும் மேனுவல் இங்கேயே இருக்கும். சந்தேகம் வந்தால் வீடியோ காலில் அதே ஆங்கிலம்தான்.

‘ஊமை ஆங்கிலம்’

சீனாவில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்று 2001-ல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் முடிவு செய்தது. கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு 1987-லிருந்தே இருக்கிறது. அதற்குப் படிக்கும் வழி, சொல் பட்டியல். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் சீனப் பொருள். தினம் இத்தனை சொல் என்று கணக்கு வைத்து நெட்டுரு போடுவது. இப்போது அதற்கு ஆப்களும் வந்துவிட்டன.

இந்தப் பட்டியல்கள் அகர வரிசையில் போவதால், பலவற்றில் முதலில் கண்ணில் படுவது ‘அபாண்டன்’. கைவிடு என்று பொருள். முதல் சொல்லைப் படித்ததும் அதன்படியே படிப்பைக் கைவிட்டுவிட்டோம் என்பது சீன மாணவர்களிடையே ஓயாத ஜோக்.

இப்படிப் படித்தவர்கள் வாசிப்பார்கள், தேர்வு எழுதுவார்கள். பேசச் சொன்னால் வாய் வராது. அதற்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் ‘யாபா யிங்யூ’. அதாவது ஊமை ஆங்கிலம். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டு இன்டர்வியூவில் தடுமாறும் நம்மூர் டிப்ளமோ பசங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சொல்லுக்குச் சொல் பொருள் எழுதும் முறையின் கோளாறு எங்கே என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும்.

‘ஓப்பன் தி மெஷின்’

சீனத்தில் ‘காய்’ என்றொரு வினைச்சொல். ‘ஓப்பன்’ என்பதற்குப் பட்டியலில் நிற்பது இதுதான். கதவைத் திறப்பதும் ‘காய்’. விளக்கைப் போடுவதும் ‘காய்’. கார் ஓட்டுவதும் ‘காய்’. மீட்டிங் நடத்துவதும் ‘காய்’. மெஷினை ஆன் செய்வது ‘காய் ஜீ’. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டால் ‘ஓப்பன் மெஷின்’. எதிர்ச்சொல் ‘குவான்’, அதாவது ‘க்ளோஸ்’. மெஷினை ஆஃப் செய்வது ‘குவான் ஜீ’ – ‘க்ளோஸ் மெஷின்’.

இப்போது ஓசூரின் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் காதால் இதைக் கேளுங்கள். ‘ஓப்பன் தி மெஷின்’ என்றால் அவருக்கு ஒரே பொருள்தான்: பவரை நிறுத்தி, கவரைக் கழற்றி, உள்ளே பார். சொன்னவர் நினைத்தது: பவர் கொடு.

‘க்ளோஸ் தி மெஷின்’ இன்னும் மோசம். சொன்னவர் நினைத்தது ‘ஆஃப் செய்’. கேட்டவர் செய்வது, திறந்திருக்கும் பாதுகாப்புக் கதவைச் சாத்துவது. பல மெஷின்களில் அந்தக் கதவில்தான் இன்டர்லாக் இருக்கிறது. கதவு திறந்திருக்கும் வரை மெஷின் ஓடாது. சாத்தினால் ஓடத் தயாராகிவிடும். மெஷினை நிறுத்தச் சொன்ன வார்த்தை, அதை ஓடுவதற்குத் தயார் செய்துவிடுகிறது. மறுபக்கத்தில் யாருடைய கையாவது உள்ளே இருந்தால்?

இதை ‘இலக்கணப் பிழை’ என்று யாராவது சொன்னால் அவர் ஷாப் ஃப்ளோருக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

சிரிப்பதற்கு முன்னால் நம் கதையையும் பார்க்க வேண்டும். ‘லைட்டைப் போடு’ என்பதை ‘புட் தி லைட்’ ஆக்கியவர்கள் நாம். ‘ப்ளீஸ் அட்ஜஸ்ட்’ என்றால் நமக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோ, விட்டுக்கொடு. சீனப் பட்டியலில் ‘அட்ஜஸ்ட்’ என்றால் முதலில் வருவது அளவை மாற்றிச் சரிசெய்வதுதான். “மெட்டீரியல் லேட்டாகும், ப்ளீஸ் அட்ஜஸ்ட்” என்ற மெயிலைப் பார்த்து, எந்த செட்டிங்கை மாற்றச் சொல்கிறார்கள் என்று அவர் தேடுவார். ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று நாம் எழுதுவது பதில் அனுப்பச் சொல்லி. அவர் படித்த பொருள், பழைய நிலைக்கே திரும்பக் கொண்டுபோ. மெஷின் புரோகிராம் பற்றிய மெயிலில் இந்தச் சொல் வந்தால், நேற்று செய்த மாற்றம் எல்லாம் அழிந்துபோக வாய்ப்பிருக்கிறது.

ஒத்துப்போகும் இடங்களும் உண்டு

வேடிக்கை என்னவென்றால், சில இடங்களில் தமிழும் சீனமும் ஒரு கட்சி, ஆங்கிலம் எதிர்க்கட்சி. “மெஷின் இன்னும் நிக்கலையா?” என்றால் தமிழர் “ஆமா, நிக்கல” என்பார். சீனரும் அப்படித்தான் சொல்வார். ஆங்கிலத்தில் அது ‘நோ’வில் தொடங்க வேண்டும். ஆக ஓசூர்க்காரரும் ஷென்சென்காரரும் ‘யெஸ்’ என்று சொல்லி ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்வார்கள். பெங்களூருவிலிருந்து கான்வென்ட் ஆங்கிலத்தோடு வரும் மேனேஜர்தான் குழம்பிப்போவார். எதிர்மறைக் கேள்வியையே கேட்காமல், “மெஷின் ஓடுதா, நின்னுடுச்சா?” என்று இரண்டையும் வைத்துக் கேட்பது மூவருக்கும் நல்லது.

ரயில் வந்தபோது தமிழ் அதைப் ‘புகைவண்டி’ என்றது. சீனம் ‘ஹுவோச்சே’ என்றது. அதாவது நெருப்பு வண்டி. கைத்தொழில் தேர்ந்தவரை மரியாதையாக அழைக்க அவர்களுக்கு ‘ஷிஃபு’, நமக்கு ‘மேஸ்திரி’. பேச்சில் ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் சீனத்தில் ‘தா’ என்ற ஒரே ஒலி, எழுத்தில்தான் வேறுபாடு. அதனால் சீனர் ஒருவர் பெண் ஆபரேட்டரை ‘ஹி’ என்று சொல்லிவிடுவது சாதாரணம். நம் ‘அவர்’ கூட ஆண் பெண் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டால் கோபம் வராது.

எண்ணில் மட்டும் மூவரும் மூன்று திசை. சீனர் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுவார். அதன் பெயர் ‘வான்’. நாம் லட்சத்தில். ஆங்கிலம் ஆயிரத்திலும் மில்லியனிலும். மாதம் 10 லட்சம் பீஸ் என்பது அவருக்கு 100 வான், ரிப்போர்ட்டில் 1 மில்லியன். மனசுக்குள் மாற்றும்போது ஒரு சைபர் நழுவினால் ஆர்டரே பத்து மடங்கு தப்பு. எண்ணை வாயால் சொல்வதோடு விடாமல் எழுதிக் காட்டுவதுதான் ஒரே வழி. தேதியும் அப்படியே. அவர்கள் வருடம், மாதம், நாள் என்று எழுதுவார்கள், நாம் தலைகீழ்.

உச்சரிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பின்’ என்று தமிழில் எழுதினால் அது குத்தும் பின்னா, கழிவு போடும் தொட்டியா? தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலேயர் குத்தும் பின்னைச் சொல்லும்போது முதல் எழுத்தோடு கொஞ்சம் காற்றும் சேர்ந்து வரும். சீனரின் காது அந்தக் காற்றைத்தான் கவனிக்கும். தமிழர் காற்றில்லாமல் சொல்வதால், குத்தும் பின் அவர் காதில் தொட்டியாக விழுகிறது. எழுத்தில் மட்டும் அச்சடித்த சொல் பட்டியல் ஏன் போதாது, ஆடியோ ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

வங்காளமும் சீனாவும் சேர்ந்து செய்த அகராதி

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காக, எளிய சொற்களில் பொருள் சொல்லும் அகராதி முதலில் எங்கிருந்து வந்தது? லண்டன் வகுப்பறையிலிருந்து இல்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைப் பார்த்து சொற்களைக் குறைக்கும் வேலையில் இறங்கியவர். அவரோடு சேர்ந்தவர் ஜேம்ஸ் எண்டிகாட் – சீனாவின் சிச்சுவானில் பிறந்து, சீனாவில் ஆங்கிலம் கற்பித்த கனடா மிஷனரி. இருவரும் 1935-ல் வெளியிட்ட அகராதி, சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. அர்த்தம் பார்க்கப் போய், அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடும் தொல்லை குறைந்தது.

ஏ.எஸ். ஹார்ன்பி தன் அகராதியை 1942-ல் டோக்கியோவில் வெளியிட்டார். எந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று உதாரணத்தோடு காட்டியது அதன் பெருமை. இன்று ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியாக உலகம் முழுக்கப் போவது அதன் வாரிசுதான். சீனாவில் அதற்கு ‘இரட்டை விளக்க’ப் பதிப்பு மிகப் பிரபலம்: ஆங்கிலத்தில் எளிய பொருள், பக்கத்திலேயே சீனப் பொருள், கீழே உதாரண வாக்கியம்.

தொழிற்சாலைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பிய விமானத் தொழில்துறை 1986-ல் ஒரு கட்டுப்படுத்திய ஆங்கிலத்தை வெளியிட்டது. இன்று அதன் பெயர் ‘சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்’. அனுமதித்த பொதுச் சொற்கள் சுமார் 900. முடிந்தவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். ‘க்ளோஸ்’ என்றால் மூடு என்று பொருள். ‘பக்கத்தில்’ என்ற பொருளில் எழுதக் கூடாது, அதற்கு ‘நியர்’. ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது. பாதுகாப்பு விதிகளுக்குக் கட்டுப்படுவதைச் சொல்ல ‘ஒபே’ என்றே எழுத வேண்டும். ஆங்கிலேயருக்குக் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். விமானத்தின் சக்கரத்துக்கடியில் நிற்பவருக்கு அந்த விறைப்புதான் பாதுகாப்பு.

ஆலைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இதே கணக்கு உண்டு. அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரநிலைப்படி, ‘டேஞ்சர்’ என்றால் தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ கடுமையான காயமோ நிச்சயம். ‘வார்னிங்’ என்றால் அவை நேரக்கூடும். ‘காஷன்’ என்றால் சிறிய அல்லது மிதமான காயம் நேரக்கூடும். மூன்றையும் தமிழில் ‘எச்சரிக்கை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், சாவுக்கும் சிராய்ப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. சீன ஸ்டிக்கரில் ‘காஷன்’ இடத்தில் ‘ஜூயீ’ என்று இருக்கும்; அதற்குக் ‘கவனி’ என்றும் பொருள். படித்தவர் எதை எவ்வளவு பயத்தோடு பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது விளக்கம்தான். மொழிபெயர்ப்பு மட்டும் அதைச் செய்யாது.

யார் செய்ய வேண்டும்?

போனில் டிரான்ஸ்லேட் ஆப் இருக்கிறதே என்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் பலவற்றில் போனை உற்பத்திப் பகுதிக்குள் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனாலும், அவர் சொன்ன ‘ஓப்பன்’ என்ற ஆங்கிலச் சொல்லை அது தமிழில் ‘திற’ என்றுதான் காட்டும். மனதில் இருந்த ‘காய்’ அதற்குத் தெரியாது.

முப்பது நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளும் இதைத் தீர்க்காது. அவை சொல்லித்தருவது ஹோட்டலில் ஆர்டர் செய்யவும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவும். நாவலும் செய்தித்தாளும் தடையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொல் குடும்பங்கள் தேவை என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். ஒரு அசெம்பிளி லைனுக்கு அது தேவையில்லை. விமானத்துக்கே 900 போதும் என்றால், ஒரு மெஷினுக்குச் சில நூறு போதாதா? ஆனால் அந்தச் சில நூறும் இரண்டு பக்கமும் ஒரே பொருளில் இருக்க வேண்டும்.

அப்படி ஒத்துக்கொண்ட சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘என்ஜி பீஸ்’ என்கிறார்களே, அந்த ‘என்ஜி’ ஜப்பானியர்கள் ‘நோ குட்’ என்பதைச் சுருக்கிப் புழக்கத்தில் விட்டது. லண்டனில் சொன்னால் யாருக்கும் புரியாது. தைபேயிலும் ஷென்சென்னிலும் ஓசூரிலும் அதற்கு ஒரே அர்த்தம்: இந்தப் பீஸை அனுப்பாதே. ஆலைக்கு இதைவிட நல்ல ஆங்கிலம் எது?

சொல் தொகுக்கும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1916-லேயே அறிவியல் சொற்களைத் தமிழில் உருவாக்க ஒரு சங்கம் தொடங்கினார். 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும் உதாரண வாக்கியமும் ஆங்கில விளக்கமும் சேர்த்துத் தந்தது. மாதிரி கையில் இருக்கிறது. தமிழ்–ஆங்கிலம்–சீனம் என்று ஆலைக்கான ஒரு சிறு கையேடு போட என்ன தடை?

தடை ஒன்றே ஒன்றுதான்: இதை யாரும் தன் வேலையாக நினைக்கவில்லை. ஆலைகள் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ இல்லை என்று ஆபரேட்டரைக் குறை சொல்கின்றன. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சி இருக்கிறது. அதில் ஓசூரின் மெஷின் பேச்சும் இடம்பெற வேண்டும். முதலில் பயிற்சி கொடுக்க வேண்டியது வெளிநாட்டிலிருந்து வரும் இன்ஜினீயருக்கும்கூட. ‘ஓப்பன்’ சொல்லாதே, ‘ஸ்விட்ச் ஆன்’ சொல் என்பதை அவருக்கு முதல் நாளே சொல்லிவிடலாம். சம்பளம் அதிகம் வாங்குபவர் பேசுவதே சரியான ஆங்கிலம், புரியாதது கீழே நிற்பவரின் குற்றம் என்ற எண்ணம்தான் இதில் மிகவும் ஆபத்தானது. கேள்வி கேட்டால் முகம் மாறுகிறது என்று தெரிந்த ஆபரேட்டர் அடுத்த முறை கேட்க மாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். ஓசூர் லைன்களில் நிற்பவர்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழும் புதிது, ஆங்கிலமும் புதிது. கையேட்டில் இந்திக்கும் ஓர் இடம் வேண்டும்.

ஒரு சொல்லுக்கு நான்கு வரி போதும். ‘ஸ்விட்ச் ஆஃப்’: பவரை நிறுத்து. தமிழில், ஆஃப் பண்ணு. சீனத்தில், குவான் ஜீ. உதாரணம்: ‘ஸ்விட்ச் ஆஃப் தி மெஷின். தென் ஓப்பன் தி கவர்.’ பக்கத்தில் ஒரு கட்டம்: ‘க்ளோஸ் தி மெஷின்’ என்று சொல்லாதீர்கள். இந்த அளவில் ஒரு நாளைக்கு மூன்று சொல், ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கும் மீட்டிங்கில் ஐந்து நிமிடம், இரண்டு பக்கத்து ஆட்களும் வாய்விட்டுச் சொல்லி, மெஷினைத் தொட்டுக் காட்டி. அந்த ஐந்து நிமிடம் டூட்டி நேரத்துக்குள் வர வேண்டும். டீ பிரேக்கிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.